கருடன் வந்தால் ஆடும் ஸ்டாண்டு

புனேயில் லென்ஸ் வாடகைக்கு விடுகிற கடைக்காரர் என்னிடம் மராத்தியில் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "தூக்கும்போது கேமராவைப் பிடித்துத் தூக்காதீர்கள், லென்ஸைப் பிடித்துத் தூக்குங்கள்." இன்னொன்று, "உள்ளே நடுக்கம் தடுக்கிற வசதி இருக்கிறது. கை கொஞ்சம் ஆடினாலும் அது பார்த்துக்கொள்ளும்." முதலாவது அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. இரண்டாவதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

காரணம் என் வலது கை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஆரம்பித்தது. மடியில் சும்மா கிடந்தால் சாது. பேனா, கரண்டி, கேமரா என்று எதையாவது கொடுத்தால் போதும், ஆட ஆரம்பித்துவிடும். வேலை கொடுத்தால் மட்டும் நடுங்குகிற கை அரசாங்க உத்தியோகத்துக்குப் பொருத்தம்தான், அது ஓய்வு பெறுகிற நேரத்தில் வந்ததுதான் கொடுமை. மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். போகுமா என்று கேட்டேன். போகாது, மாத்திரையில் கொஞ்சம் அடங்கும் என்றார்.

ஓய்வு பெற்றதும் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரிவது என்பது நாற்பது வயதிலிருந்தே நான் போட்டு வைத்திருந்த திட்டம். அதற்கென்று, தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டுகிற பெரிய டெலி லென்ஸ் ஒன்று வாங்க ஆசை. இந்தக் கையை வைத்துக்கொண்டு அதை வாங்குவது மடத்தனமா இல்லையா என்று தெரியவில்லை. அதனால்தான் ஒரு வாரத்துக்கு வாடகை. பறக்கிற பறவை ஒன்றை முழுசாக, தெளிவாக எடுத்துவிட்டால் லென்ஸ் வாங்குவது. முடியாவிட்டால் இருக்கிற கேமராவையும் மகளிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போவது. இதை மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

பறவைகள் புனேயைச் சுற்றியும் உண்டு. அணைக்கட்டில் பூநாரைகள் வருகிற காலம் வேறு. ஆனால் பரீட்சை என்று வந்தபிறகு எழுதப் படித்த பள்ளிக்கூடத்திலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் முதலில் பறவையைப் படம் எடுத்தது கடலூரிலும் சிதம்பரத்திலும்தான். அங்கேதான் குணாவும் இருக்கிறான்.

குணசேகரன் என் தாய்மாமன் மகன். அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். சிதம்பரத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். நான் வேலை கிடைத்து வடக்கே போனேன். அவன் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் பக்கம் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றான். கடலூர் பேருந்து நிலையத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தவன் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னா மச்சான், கொழந்த ஏதாச்சும் பெத்துக்கினு வந்துட்டியா?"

அவன் வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் மனைவி செல்வி எனக்குத் தங்கை முறை. கெளுத்தி மீன் குழம்பு, நெத்திலி வறுவல், ரசம். இந்தக் குழம்புக்காகவே புனேயில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை வீணடித்திருக்கிறேன். அங்கே கிடைக்கிற புளியில் இந்தப் புளிப்பு வராது, அங்கே கிடைக்கிற மீனுக்கு இந்த ஊர் பாஷை தெரியாது. ஆனால் சாதத்தைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி இலையிலேயே விழுந்தது.

"அண்ணே, பூனா போயி முள்ளு எடுக்கக்கூட மறந்துட்டீங்களா?" என்றாள் செல்வி.

"அங்க எல்லாம் முள் எடுத்த மீன்தான்மா" என்று சமாளித்தேன். குணா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் பழைய லென்ஸைப் பற்றிக் கேட்டேன். அது ஒரு ரஷ்ய லென்ஸ். குணாவின் சித்தப்பா ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார். ஏதோ துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் எங்களிடம் கொடுத்துவிட்டார். அம்மிக் குழவி கனம் கனக்கும். குணா பரணில் ஏறி எடுத்து வந்தான். உள்ளே கண்ணாடி முழுக்கப் பூஞ்சை, வெள்ளைச் சிலந்திவலை பின்னியது போல. கடல் காற்று எதை விட்டு வைத்தது. லென்ஸின் தோல் பெட்டியைக் காணோம் என்றேன். செல்வி கொல்லைப்புறத்திலிருந்து எடுத்து வந்து காட்டினாள். துணி காயப்போடுகிற கிளிப்புகள் அதில் இருந்தன.

அந்த லென்ஸுக்கு ஸ்டாண்டு கிடையாது. ஸ்டாண்டு வாங்க எங்களுக்கு வழியும் கிடையாது. அதனால் ஒரு முறை கண்டுபிடித்தோம். ஒருவன் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவான். அவன் தோளில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் லென்ஸை வைத்து, பின்னால் இருக்கிறவன் எடுப்பான். 'உம்' என்று சொன்னதும் முன்னால் இருக்கிறவன் மூச்சை நிறுத்த வேண்டும். ஒரு பிலிம் ரோல் முடியும் வரை ஒருவன் ஸ்டாண்டு. ரோல் முடிந்ததும் இடம் மாற வேண்டும். இந்தச் சட்டத்தை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை. ரோலின் கடைசியில் நல்ல பறவை வந்து உட்கார்ந்தாலும் சரி, இடம் மாறித்தான் ஆக வேண்டும்.

ஸ்டாண்டாக குணாவைப் போல ஒருவன் அமைவது கஷ்டம். கொசு கடித்தாலும் அசைய மாட்டான். ஒரே ஒரு குறைதான். கருடன் வந்தால் ஆடிவிடுவான். செம்பருந்தைத்தான் எங்கள் பக்கம் கருடன் என்பார்கள். வெள்ளைக் கழுத்தும் செங்கல் நிறச் சிறகுமாக அது தலைக்கு மேல் வட்டம் போட்டால், அண்ணாந்து பார்த்து, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். குணாவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. பிச்சாவரத்தில் நான் கருடனைக் குறி வைத்து 'உம்' என்பேன். அவனும் கருடனைப் பார்ப்பான். கன்னத்துக்குக் கை போகும். தோள் குலுங்கும். கழுவி வந்த படத்தில் வானம் மட்டும் இருக்கும். சண்டை போடுவேன். "சாமி வந்தா கும்புடாம குந்தியிருக்க முடியுமாடா?" என்பான். எங்களிடம் இருந்த பறவைப் படங்களில் கருடன் கடைசி வரை வரவேயில்லை.

மறுநாள் காலை தேவனாம்பட்டினம். கடற்கரையில் ஸ்டாண்டை விரித்து நின்றேன். இப்போது கடையில் வாடகைக்குக் கிடைக்கிற நிஜ ஸ்டாண்டு, மூன்று கால். ஆலாப் பறவைகள் அலையின் மேல் வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தன. கரையில் நின்ற கடற்காகங்கள் சில நன்றாக வந்தன. பறக்கிறதைத் தொடர்ந்து லென்ஸைத் திருப்பினால் கை தன் வேலையைக் காட்டியது. பறவை படச் சட்டத்துக்குள் வரும், நான் அமுக்குவதற்குள் வெளியே போய்விடும்.

மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். பின்னாலேயே நாலைந்து பேர்.

"எந்த ஆபீஸ்லருந்து வர்றீங்க?"

"ஆபீஸ் இல்லீங்க. பறவைய போட்டோ எடுக்கறேன்."

"மூணு காலு வச்சிக்கினு வந்து நின்னா எங்க எடத்த அளக்கறாங்கன்னு அர்த்தம். போன தபாவும் இப்பிடித்தான் சும்மா பாக்கறோம்னாங்க."

குணா நடுவில் புகுந்து, நான் யார், எந்த ஊர், யாருடைய பேரன் என்பதெல்லாம் சொன்னான். அந்த அம்மாவின் முகம் இளகவில்லை. நான் கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டினேன். கடற்காகத்தின் கண் பெரிதாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த ஒரு படகைக் காட்டி, "அது தெரியுமா?" என்றார். ஸ்டாண்டைத் திருப்பி எடுத்துக் காட்டினேன். படகில் ஒருவர் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரருதான்" என்றார். "வலைய போட்டாரா இல்லையா தெரியல, சோத்துல மட்டும் கைய வச்சிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு லென்ஸைத் தொட்டுப் பார்த்தபடி சொன்னார்: "அலை வந்து எல்லாத்தையும் வாரிக்கினு போச்சே, அப்பவும் இந்த மாதிரி கொழாயத்தான் தூக்கிக்கினு வந்தாங்க. நாங்க அழுவறத தூர நின்னு எடுத்தாங்க. எடுத்தத ஒருத்தரும் காட்டுல. நீ ஒருத்தன்தான் காட்டற."

இன்னும் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். படகுகள், கொடி, ஆற்றுக்கு எதிர்க் கரையில் யாரோ துவைக்கிற துணி, இப்படி அவர்கள் காட்டியதையெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டு வந்தேன். அன்று ஆலாக்களை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் படங்களை டிவியில் போட்டுப் பார்த்தோம். ஆலாவின் வால். ஆலாவின் அரை இறக்கை. வெறும் கடல். மறுபடி ஒரு வால்.

"வால் கலெக்சன் ஜோரா இருக்கு மச்சான்" என்றான் குணா. செல்வி சிரித்தாள். நானும் சிரித்தேன். குணா மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அடுத்த நாள் பெருமாள் ஏரி. குணாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, லென்ஸ் பையை மடியில் வைத்து, ஸ்டாண்டைக் குறுக்கே பிடித்துக்கொண்டு போனேன். தை மாதக் குளிர் காற்று, இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கிற நெல். புனேயில் காரில் போகும்போது எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதுதான் தெரியும். இங்கே எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்பதை வாசனையே சொல்லிவிடும். கருவாடு, வைக்கோல், முந்திரிப் பூ. குணா தன் பழைய கம்பெனி இருந்த திசையைக் காட்டி, "காத்து அங்கேருந்து அடிச்சா எனக்கு இப்பவும் ஷிப்டுக்கு லேட்டாயிட்ட மாதிரி இருக்கும்" என்றான்.

ஏரியில் சங்குவளை நாரைகள் நின்றிருந்தன. இளஞ்சிவப்பு இறகை வாலில் மடித்துக்கொண்டு, மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் ஒரு கூட்டம். நிற்கிற பறவைகள் அழகாகவே வந்தன. கடைக்காரர் சொன்ன வசதி பொய்யில்லை. ஆனால் நாரை எழும்பிப் பறந்ததும் பழைய கதைதான். கால் வந்தால் தலை இல்லை, தலை வந்தால் கால் இல்லை. ஒரு கட்டத்தில் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அறுபது வயதில் ஏரிக்கரையில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பின் சக்கரம் பஞ்சர். கரை மேல் குணா வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு பள்ளத்தில் வண்டி சாய்ந்தது. என் ஒரு கையில் ஸ்டாண்டு, ஒரு கையில் லென்ஸ். லென்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டாண்டை விட்டுவிட்டேன். வண்டி அதன் மேல் படுத்தது. லென்ஸை மாட்டுகிற தலைப்பகுதி முறிந்து தனியாக வந்தது. குணா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெல்டிங் வைக்கலாம்" என்றான்.

"அது அலுமினியம்டா."

"அப்ப வைக்க முடியாது" என்று ஒத்துக்கொண்டான்.

பஞ்சர் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை. கண்ணாடித் தம்ளரை வாங்கினேன். விளிம்பு வரை ஊற்றியிருந்தார்கள். வாய்க்குக் கொண்டு போவதற்குள் சட்டையில் பாதி. குணா என் கையிலிருந்து தம்ளரை வாங்கி, பாதியைத் தன் தம்ளரில் ஊற்றிக்கொண்டு, மீதியை என்னிடம் கொடுத்தான்.

"எப்பருந்து?" என்றான்.

"ரெண்டு வருசமாச்சி."

"டாக்டராண்ட போனியா?"

"போனேன். உசுருக்கு ஒண்ணும் இல்லையாம். போவவும் போவாதாம்."

அவன் டீயைக் குடித்து முடித்தான். "அதான் வாலா எடுத்துக்கினு வந்தியா" என்றான். நான் லென்ஸை எதற்கு வாடகைக்கு எடுத்தேன், முடியாவிட்டால் என்ன செய்யப்போகிறேன் என்பதையெல்லாம் சொன்னேன். ஊர் பேச்சு என்னையறியாமல் வாயில் வந்துவிட்டிருந்தது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "நாளைக்கு சிதம்பரம் போறோம். மறுநாள் காலைல பிச்சாவரம். அதுக்கப்பறம் நீ தோட்டத்துக்கு தண்ணி ஊத்து, களை புடுங்கு, எதனா பண்ணு" என்றான்.

சிதம்பரத்துக்குப் பேருந்தில் போனோம். கூட்டம். ஒரு பெண் என் மடியில் இருந்த பையைப் பார்த்து, "உள்ள மிருதங்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றுவிட்டேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அதற்குப் பிறகு அவள் இறங்கும் வரை என்னிடம் காட்டிய மரியாதையைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நாங்கள் தங்கியிருந்த மாடி அறைக்குக் கீழே அப்போது சைக்கிள் கடை. இப்போது செல்போன் ரிப்பேர் கடை. மாடி ஜன்னல் மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஜன்னல் கம்பியில்தான் படங்களைக் கழுவி வாங்கி வந்து கிளிப் போட்டு மாட்டுவோம். எதை வைத்துக்கொள்வது எதைத் தூக்கிப் போடுவது என்று இரவு முழுக்கச் சண்டை நடக்கும். பறவை எங்கே என்று தேட வேண்டிய படங்களே அதிகம். ஆனாலும் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதாக ஞாபகம் இல்லை. தெருவில் நின்று அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே ஒரு பெண் எட்டிப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லி நகர்ந்தோம்.

ராத்திரி இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். கொத்சு மட்டும் அதே ருசி. சுட்ட கத்திரிக்காயின் புகை வாசனையும் மல்லி மிளகாயின் காரமும் நாக்கில் பட்டதும், பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய பதற்றம்கூட எனக்குத் திரும்பி வந்தது. குணா சர்வரிடம் எனக்கு ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கினான். இட்லியைத் துண்டு துண்டாகப் பிட்டு கொத்சில் ஊற வைத்து என் பக்கம் தள்ளினான். பேச்சு அதுபாட்டுக்கு அவன் மகளைக் கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்த கதையில் போய்க்கொண்டிருந்தது.

விடிந்ததும் பிச்சாவரம். படகுக்காரர் நாற்பது வயதுக்காரர், பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர். லென்ஸைப் பார்த்ததும், "சினிமாவா சார்? இங்க நெறைய எடுத்திருக்காங்க" என்று ஆரம்பித்தார். சினிமா இல்லை, பறவை என்றதும் கொஞ்சம் ஏமாந்துபோனார். முன்பு நாங்கள் வந்தபோது சத்தம் போட ஆள் கிடையாது. இப்போது பக்கத்துப் படகில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று ஆரஞ்சு நிற மிதவை உடுப்பு போட்டுக்கொண்டு வந்தது. அந்தத் தாய் இந்தியில் கணவரிடம், "பாருங்கள், இவ்வளவு பெரிய லென்ஸ். நீங்கள் செல்போனில் என் பாதி முகத்தை எடுக்கிறீர்கள்" என்றாள். எனக்கு இந்தி தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தக் கணவர் மேல் எனக்கு அனுதாபம் வந்தது.

சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால்கள் பிரிந்து பிரிந்து போயின. வேர்கள் தண்ணீரில் விரலை ஊன்றியது போல இறங்கியிருந்தன. ஒரு திறந்த இடம் வந்ததும் படகுக்காரரிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகை அதில் கட்டினார். குணா முன்னால் நகர்ந்து எனக்கு முதுகு காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பையிலிருந்து துண்டை எடுத்து நாலாக மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டான்.

"வையி" என்றான்.

வைத்தேன். அவன் தோள் முன்பை விட அகலமாகிவிட்டிருந்தது, தலையில் முடி போய்விட்டிருந்தது. மற்றபடி அதே இடம், அதே முதுகு. ஒரு நீர்க்காகம் கிளையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. 'உம்' என்றேன். அவன் மூச்சு நின்றது. அமுக்கினேன். படம் நன்றாகவே வந்தது. ஆனால் நின்ற பறவை பரீட்சையில் சேர்த்தியில்லை.

அப்போது கருடன் வந்தது. காட்டுக்கு மேலே தாழ்வாக, வெயில் சிறகில் பட, வட்டமடித்துக்கொண்டு. படகுக்காரர் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் லென்ஸைத் திருப்பி 'உம்' என்றேன். குணாவின் கை மடியிலிருந்து பாதி எழும்பியது. எழும்பியது அங்கேயே நின்றது. தோள் கல்லாக இருந்தது. என் விரலும் மணிக்கட்டும்தான் குதித்தன. கருடன் உள்ளே வந்தது, வெளியே போனது, மறுபடி வந்தது, போனது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். அது காட்டுக்குப் பின்னால் மறைந்ததும் திரையைப் பார்த்தேன். வானம், வானம், இறக்கையின் ஓரம், வானம்.

"என்னா, வந்துச்சா?" என்று திரும்பாமலே கேட்டான். "நான் ஆடலியே?"

"நீ ஆடல" என்றேன். அவன் கும்பிடாமல் உட்கார்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஸ்டாண்டின் மேல் பழி போட வழியில்லை. கேமராவின் பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினேன். மகளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மனசு சொல்லிவிட்டது. அதை அவனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"ரோல் முடிஞ்சிச்சி. எடம் மாறு."

திரும்பிப் பார்த்தான். "நான் பேத்தி பர்த்டேவ கூட செல்போன்லதான் எடுத்தேன்" என்றான்.

"சட்டம்னா சட்டம்தான். மாறு."

படகில் இரண்டு கிழவர்கள் இடம் மாறுவது லேசான காரியமில்லை. "எழுந்துக்காதீங்க சார், கவுந்துடும், குந்தினபடியே நவுருங்க" என்று படகுக்காரர் கத்தினார். உட்கார்ந்தபடியே நகர்ந்தோம். சம்மணம் போட எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, எப்படியோ மடக்கினேன். துண்டு என் தோளுக்கு வந்தது. லென்ஸின் கனம் அதன் மேல் இறங்கியது. வலது கையை மடியில் வைத்தேன். அதற்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. அது பாட்டுக்கு அமைதியாகக் கிடந்தது.

எந்தக் கண்ணை மூட வேண்டும் என்பதிலிருந்து குணாவுக்குத் தொடங்க வேண்டியிருந்தது. எந்தப் பொத்தானைப் பாதி அமுக்க வேண்டும், எதை முழுசாக என்று முன்னால் பார்த்தபடியே சொன்னேன். முதலில் மரத்தை எடுத்தான். பிறகு என் காதை எடுத்தான். படகுக்காரர் சிரித்துச் சிரித்து, சாப்பாட்டு நேரம் ஆகிறது என்பதையே மறந்துவிட்டார். ஒரு கொக்கு பறந்தது, விட்டுவிட்டான். மீன்கொத்தி ஒன்று பாய்ந்தது, அதைப் பார்ப்பதற்குள் போய்விட்டது. "இது உள்ள எல்லாம் கிட்ட வந்து மூஞ்சில அடிக்குதுடா" என்று புலம்பினான். எனக்கு இருபது வயதுக் குரல் கேட்டது.

கருடன் திரும்ப வந்தது. இந்தத் தடவை எங்களுக்கு நேராக, தண்ணீரை நோக்கி இறங்கியது.

"உம்" என்றான் குணா.

மூச்சை நிறுத்தினேன். கழுத்துக்குப் பக்கத்தில் ஷட்டர் விடாமல் அடித்தது. கருடன் கால்களை நீட்டித் தண்ணீரைக் கீறி, மீனோடு எழும்பிப் போவதை நான் வெறும் கண்ணால் பார்த்தேன். படகுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. ஷட்டர் சத்தம் நிற்கவில்லை. கருடன் மறைந்த பிறகும் நான் மூச்சு விடவில்லை. விடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பினேன். குணா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறகு இரண்டும் முழுசாக விரிந்து, கால் நகங்களுக்கு நடுவில் மீன், மீனிலிருந்து உதிர்கிற தண்ணீர்த் துளிகள், வெள்ளைத் தலை, கண். எல்லாம் சட்டத்துக்குள் இருந்தது. குணா கேமராவை மடியில் வைத்துவிட்டு, திரையில் இருந்த கருடனைப் பார்த்து இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"ஆடலடா மச்சான்" என்றான். குரல் உடைந்திருந்தது. "கொஞ்சங்கூட ஆடல நீ."

நான் தண்ணீரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது. லென்ஸைப் புனேயில் திருப்பிக் கொடுத்த கையோடு புதுசாக ஒன்று வாங்கி, நேராக குணாவின் கடலூர் விலாசத்துக்கே அனுப்பச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். படகுக்காரர் கழியைப் பிடுங்கலாமா என்று கேட்டார். குணா கூடாது என்று கை காட்டிவிட்டு, கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இதுல ரோல் எப்ப முடியும்?"

"இதுல ரோல் கெடையாது. முடியவே முடியாது."

அவன் துண்டை எடுத்து உதறி, மறுபடி நாலாக மடித்து என் தோளில் போட்டான்.

"அப்ப நீ இப்பிடியே குந்தியிரு" என்றான்.